நடக்க முடியுமா என்று கேட்ட நாட்கள்

ஜூன் 9, திங்கள்

எழுதி வைக்கிற அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடக்கவில்லை. இந்தத் தாள்களை வீணாக்குவதற்கு முதலிலேயே மன்னிப்பு. பகலெல்லாம் பார்க்கிறதைச் சொல்ல வாய் வருவதில்லை, கையாவது வரட்டும்.

காலையில் யூனிஃபார்மோடு விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் நின்றபோது பக்கத்து வீட்டு அக்கா, "என்னடி ஆர்த்திகா, தினமும் பிளேன்ல பறக்குறியாமே?" என்றார். "இல்லக்கா, மத்தவங்கள ஏத்தி விடுறேன்." அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். உண்மை அதுதானே. ஏர்லைன்ஸில், ஏர்போர்ட் கவுண்டர் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். இன்னும் ஒரு தடவைகூட நான் ஏறியதில்லை.

ஜூன் 11, புதன்

வீல்சேர் போதவில்லை. மும்பை விமானத்துக்கு மட்டும் எங்களிடம் இருப்பதைப் போல இரண்டு பங்கு கேட்டிருந்தார்கள். இடுப்பில் ஆபரேஷன் செய்த பெரியவர் ஒருவர் வெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேர் வருவதற்குள் உதடு வெளுத்துவிட்டது. அதே நேரம் இன்னொரு சேரில் வந்த அம்மா, கேட் வந்ததும் இறங்கி விறுவிறுவென்று பாத்ரூமுக்கு நடந்தார். தள்ளி வந்த காளை அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாத்தியா பாப்பா? ஓட்டப்பந்தயம் வச்சா இவுகதான் ஃபர்ஸ்ட்டு."

எங்கள் டியூட்டி மேனேஜர் ஸ்வர்ணா மேடம் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே கவுண்டர்லயே கேளுங்க. நடக்க முடியுமான்னு. முடியும்னா சேரை கேன்சல் பண்ணிடுங்க."

நியாயம்தான். அந்தப் பெரியவர் முகத்தை நானும்தானே பார்த்தேன்.

ஜூன் 12, வியாழன்

நாள் முழுக்கக் கேட்டேன். சிலர் சட்டென்று நொண்ட ஆரம்பிக்கிறார்கள். சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஜூன் 21, சனி

இன்று அன்னக்கொடி என்று ஓர் அம்மா. உசிலம்பட்டிப் பக்கம். மும்பையில் மாறி மஸ்கட் போகிறார். மகள் பாண்டிமீனாவுக்குத் தலைப்பிரசவமாம். நான் கேட்காமலே சொன்னார். பையில் வசம்பும் தூளி கட்ட நைந்த நூல் சேலைகளும். மகன் கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். டிக்கெட் இல்லாதவர் உள்ளே வர முடியாது.

டிக்கெட்டில் வீல்சேர் கேட்டிருந்தது.

"நடக்க முடியுமாம்மா?"

"நல்லாக் கேட்ட போ! களையெடுத்துப்புட்டு அம்புட்டுத் தூரமும் நடந்தே வீட்டுக்கு வாரவ நான்."

"அப்போ சேர் வேணாம்ல?"

"சேரா? எனக்கெதுக்குத் தாயி!"

அவருக்கு அது பெருமையான கேள்வியாக இருந்தது. கேன்சல் செய்தேன். இரண்டு போர்டிங் பாஸையும் கொடுத்து, மும்பையில் இறங்கியதும் இரண்டாவதைக் காட்டச் சொன்னேன். "யாருகிட்டத் தாயி?" என்றார். "அங்க இருக்கவங்ககிட்டம்மா." பின்னால் வரிசை நீண்டிருந்தது.

ஸ்வர்ணா மேடம் போகிற போக்கில், "இன்னைக்கு சேர் மிச்சம். குட், ஆர்த்திகா" என்றார். அவர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

ஜூன் 22, ஞாயிறு

அந்த மகன் வந்தார். விருமாண்டி என்று பெயர். டிக்கெட் ஜன்னலில் நின்று கத்தினார்.

அந்த அம்மா மும்பையில் இறங்கி, கூட்டம் போன வழியே வெளியில் போய்விட்டார். தூண் ஓரமாகப் பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று. மஸ்கட் விமானம் போய்விட்டது. விடிந்த பிறகுதான் அங்குள்ளவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"காலுக்கா சேரு கேட்டேன்? கூட ஒரு ஆளு வருமேன்னு கேட்டேன்! எழுத்துத் தெரியாது, இந்தி தெரியாது... எவன் அதைக் கேன்சல் பண்ணது?"

"நான்தாண்ணே." சத்தம் வெளியே வந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். "உன்னையப் பாத்தா எங்க பக்கத்துப் பிள்ள மாதிரி இருக்கே. உனக்குமாம்மா தெரியல?"

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மேடம் நடுவில் வந்தார். "நான் சொன்னதைத்தான் அந்தப் பொண்ணு செஞ்சா. என்னைக் கேளுங்க." மும்பைக்குப் போன் போட்டு, சண்டை பிடித்து, இன்று மத்தியான விமானத்திலேயே இடம் வாங்கிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குத் தெரியாதா? எனக்குத்தானே தெரியும். இன்டர்வியூ அன்றைக்கு இதே வாசலில், துப்பாக்கியோடு நின்றவர் இந்தியில் ஏதோ கேட்டார். பதில் வராமல் ஒதுங்கி, டிராலி வரிசைக்குப் பின்னால் நின்றேன். ஆரப்பாளையம் பஸ் எப்போது என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பக்கமாக வந்த ஒரு மேடம், "இன்டர்வியூவுக்கா? வா" என்று முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். ஸ்வர்ணா மேடம்தான். அவருக்கு ஞாபகம்கூட இருக்காது.

அன்றைக்கு என் கால் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

விருமாண்டி அண்ணன் காளை அண்ணனுக்குப் போன் செய்தாராம். பெண் குழந்தை. ஞாயிறு பகலிலேயே பிறந்துவிட்டது. அன்னக்கொடி அம்மா போய்ச் சேர்ந்தது சாயங்காலம். மருமகனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. பாண்டிமீனா தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள்.

தாய் ஒரு ஊரில் தனியாக, மகள் ஒரு ஊரில் தனியாக. நடுவில் நான் தட்டிய ஒரு பட்டன்.

ஜூலை 6, ஞாயிறு

மேடத்திடம் ஒன்று கேட்க வேண்டும். இன்றும் கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

திருநகரிலிருந்து தனியாக வந்த ஓர் அம்மாவை கேட் வரை கூட்டிப் போய் உட்கார வைத்தேன். திரும்பினால் கவுண்டரில் மேடம் நிற்கிறார். "சொல்லாம எதுக்குப் போன? வரிசை எம்புட்டு நீளம் பாரு." காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஸாரி மேடம் என்றேன். ஸாரி சொல்ல மட்டும் நன்றாக வருகிறது எனக்கு.

செப்டம்பர் 18, வியாழன்

அன்னக்கொடி அம்மா திரும்பி வந்தார். வீல்சேரில்! காளை அண்ணன் தள்ளி வர, கல்யாண மேடையில் உட்கார்ந்த மாதிரிக் கூச்சத்தோடு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஏ தாயி, நீதான? மக சொல்லி அனுப்பிருக்கா, எவுக கேட்டாலும் கால் வலின்னு சொல்லணுமாம். நல்லா இருக்குற காலைப் போயி அப்படிச் சொல்ல வாய் கூசுது. என்ன செய்ய? அன்னைக்கே உன்கிட்டச் சொல்லிருந்தா பேத்தி பொறக்கயில பக்கத்துல இருந்திருப்பேன்."

குத்திக் காட்டவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் பேத்தியின் போட்டோவை என் கையில் வைத்துவிட்டார். நெற்றியிலும் கன்னத்திலும் பெரிய மைப்பொட்டு.

வாசல் தெரிந்ததும் எழுந்துகொண்டார். "இந்தாப்பா, முடியாதவுகளுக்குக் கொண்டு போ" என்று சேரைக் காளை அண்ணனிடம் விட்டு, மகனை நோக்கி நடந்தார். என்ன வேகம்!

செப்டம்பர் 19, வெள்ளி

இன்றும் சேர் குறைவு. காலைக் கூட்டத்தில் மேடம், "மறக்காமக் கேளுங்க, நடக்க முடியுமான்னு" என்றார். பிறகு வழக்கம்போல, "வேற ஏதாவது?"

வேற ஏதும் யாரும் சொல்வதில்லை. நான் கையைத் தூக்கினேன். எல்லோரும் திரும்பினார்கள். காது சூடாகிவிட்டது.

"மேடம், அந்தக் கேள்வியை மட்டும் மாத்திக்கலாமா? நடக்க முடியுமான்னு கேக்க வேணாம். தனியாப் போயிருவீங்களான்னு கேப்போம். கால் நல்லா இருந்தும் முடியாதுன்னு சொல்றவங்களுக்கு சேர் வேணாம், நம்மள்ல ஒருத்தர் கூட நடந்தாப் போதும். இறங்குற ஊருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருவோம். இன்னைக்கு நான் நடக்குறேன் மேடம்... விடுவீங்களா?"