தண்ணீர் குடிக்காத இரவுகள்

இன்று மதியம் மருந்துக் கடையில் கல்லாவுக்குக் கீழே இருக்கும் இழுப்பறையை ஒழித்தேன். பழைய பில் புத்தகங்களுக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டு கிடந்தது. குளுக்கோஸ் பாட்டில் வந்த பெட்டியிலிருந்து கிழித்தது. அதில் ஸ்கெட்ச் பேனாவால் இந்தியில் எழுதியிருக்கிறாய், பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று. உன் இந்தி எழுத்துக்கு மேல்கோடு ஒருநாளும் நேராக வந்ததில்லை. இதிலும் ஏறி இறங்குகிறது. கையில் வைத்துக்கொண்டு நின்றவள், கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன். அவருடைய சீட்டில் இருந்த மாத்திரையின் பெயரை மூன்று தடவை படித்தேன்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. பாத்திரம் கழுவினேன். துணி மடித்தேன். மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தேன். கடைசியில் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குள் உன்னிடம் இதைப் பேசியாக வேண்டும்.

நீ வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளியின் மேசையில் சான்றிதழ்களை வைத்துவிட்டு, அவர் படிப்பதற்குள் ஓரமாகப் போய் போனில் உன் மூத்த மகளிடம் பேசினாய். "பெரியவளே, கேஸை மூடிட்டியா? தங்கச்சிக்குத் தலை சீவி விட்டியா?" மதுரைத் தமிழ். டில்லியில் மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்து, இங்கேயே டி.ஃபார்ம் முடித்தவள் நான். ஆறு வருடமாக அந்தக் கடையில் இந்தி மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன். உன் குரலைக் கேட்டதும் மருந்து அடுக்கிக்கொண்டே சிரித்துவிட்டேன். நீயும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். அப்போதே சிநேகிதம் ஆகிவிட்டது.

ஒரு வாரம் நீ இரவு, நான் பகல். அடுத்த வாரம் நான் இரவு, நீ பகல். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை எட்டு வரை. பில் போடுகிறவர் பத்து மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு, அதில் வெட்டியிருக்கும் சின்ன ஜன்னல் வழியாக வியாபாரம். எதிரே ஆஸ்பத்திரி என்பதால் ஆள் வந்துகொண்டே இருக்கும். இரவுப் படி தருவதாகச் சேரும்போது சொன்னார்கள். முதல் இரண்டு மாதம் தந்தார்கள், பிறகு அது சம்பளத்திலேயே அடக்கம் என்றார்கள். ஸ்டாக் குறைந்தாலும், காலாவதியான மருந்து அலமாரியில் தங்கிவிட்டாலும் நம் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். நமக்கு வேலை உத்தரவு என்று ஒரு தாள் கிடையாது. இ.எஸ்.ஐ. கிடையாது.

அதையெல்லாம்கூட நீ பெரிதாகப் பேசியதில்லை. குடித்துவிட்டு வந்து தூக்க மாத்திரை கேட்டுக் கம்பியை உலுக்குகிறவர்களைக்கூடச் சமாளித்துவிடுவாய். நாற்காலியை விட்டு எழாமல், "பர்ச்சா லாவோ, பையா" என்பாய். டாக்டர் சீட்டைக் கொண்டு வா தம்பி என்பதை அவ்வளவு அலுப்பாகச் சொன்னால் யாருக்கும் மேற்கொண்டு சண்டை போடத் தோன்றாது. உன்னைப் படுத்தியது வேறு.

கடைக்குள் கழிவறை இல்லை. பகலில் மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் பொதுக் கழிவறைக்குப் போவோம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டடத்துக் காவல்காரன், சௌகிதார், அதைப் பூட்டிவிடுவான். சாவி கேட்டால், உங்கள் மாலிக் சொல்லட்டும் என்பான். முதலாளியைத்தான் அங்கே எல்லோரும் மாலிக் என்பார்கள். மாலிக்கைக் கேட்டால், கட்டடக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பார். மருந்தாளுநர் இல்லாமல் கடையைத் திறந்து வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக் கழிவறைக்குப் போவதென்றால் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு ரோட்டைக் கடக்க வேண்டும். கடை மூடியிருந்த நிமிடங்களை மாலிக் காலையில் கேமராவில் பார்ப்பார்.

நான் ஓடிப் போய்விட்டு ஓடி வருவேன், திட்டும் வாங்குவேன். நீ வேறு வழி கண்டுபிடித்தாய். சாயங்காலம் ஆறு மணியோடு தண்ணீரை நிறுத்திவிட்டாய். "குடிச்சாத்தானே போகணும்? குடிக்காமலே இருந்துட்டுப் போறேன்" என்றாய். நீர்க்கடுப்புக்கு மருந்து வாங்க வரும் பெண்களிடம் ஒரு நாளைக்கு மூன்று லிட்டராவது குடிக்கணும், அடக்கி வைக்கக் கூடாது என்று நீதான் ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்புவாய். உனக்கோ சர்க்கரை வேறு. தெரியாமல் செய்தவள் இல்லை நீ.

அதனால்தான் உன் இரவு வாரங்களில் காலை எட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிடுவேன். என்னைக் கண்டதும் எழுந்து மாடிக்கு ஓடுவாய். திரும்பி வந்து ஒரு பாட்டில் தண்ணீரை அண்ணாந்து முழுசாகக் குடித்த பிறகுதான் "ம், சொல்லு" என்பாய். வெளியே வண்டிக்காரரிடம் இரண்டு டீ வாங்கி வருவேன். அந்தக் கால் மணி நேரம்தான் நமக்கு. உன் பெரியவள் தமிழில் ஒரு வரி எழுதமாட்டேன் என்கிறாள், என் பையன் பள்ளிக்கூட வேனில் அடிதடி, ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போகலாமா என்று பேசிப் பேசி ஒருநாளும் சேர்ந்து போனதில்லை.

ஒரு ஜனவரி இரவு உன்னால் அடக்க முடியவில்லை. அந்த அட்டையை எழுதி ஷட்டரில் ஒட்டிவிட்டுப் பனியில் ரோட்டைக் கடந்திருக்கிறாய். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, யாரைப் பார்க்க, எந்த வார்டு என்று நிறுத்திவிட்டான். கெஞ்சி உள்ளே போய்த் திரும்பும்போது கடை வாசலில் ஒருவர் நின்றிருந்தார். அப்பாவுக்கு மூச்சுத் திணறல், இன்ஹேலர் வேண்டும். நீ பத்து நிமிடம் என்று எழுதியது இருபதுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் உன்னைத் திட்டவில்லையாம். வாங்கிக்கொண்டு ஓடினாராம். ஆனால் அதற்குள் போர்டில் இருந்த எண்ணைக் கூப்பிட்டு மாலிக்கை எழுப்பியிருந்தார். அந்தப் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாள் நீயே ஆஸ்பத்திரியில் விசாரித்துத் தெரிந்துகொண்டாய். உனக்கு மூன்று நாள் சம்பளம் போயிற்று.

நீ அழவில்லை. ஒரு விண்ணப்பம் எழுதினாய். இரவில் இரண்டு பேர் வேண்டும், முடியாவிட்டால் கழிவறைக்காவது வழி செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் அரைப் பக்கம். 'நாங்கள்' என்று எழுதியிருந்தாய். கீழே இரண்டு பேர் கையெழுத்துக்கு இடம். பிழை பார்க்க என்னிடம் கொடுத்தாய். நான் உட்கார்ந்து மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். கையெழுத்தை நாளைக்குப் போடுகிறேன் என்றேன். நீ உன் பெயரை மட்டும் போட்டு, அந்த இடத்தை எனக்காக விட்டு வைத்திருந்தாய். அதற்குள் கல்லாவில் இருந்த அந்தத் தாளை மாலிக்கே பார்த்துவிட்டார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். உனக்கும் தக்லீஃப் இருக்கிறதா என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. டீகூடக் கொடுத்தார். இத்தனை கஷ்டம் என்றால் இரண்டு ஆண்களை வைத்துக்கொள்கிறேன், அவர்களுக்கு இந்தப் பிரச்சினையெல்லாம் இல்லை என்றார். அந்த மாதம்தான் என் கணவரின் கம்பெனியில் ஆட்களைக் குறைத்து அவரையும் அனுப்பியிருந்தார்கள். பையனின் பள்ளிக் கட்டணத்துக்குக் கெடு வைத்திருந்தார்கள். இதையெல்லாம் உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கிறேன். சமாதானத்துக்காகத் திரும்பச் சொல்லவில்லை. "கோயி தக்லீஃப் நஹீன், சர்" என்றேன். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று.

அவர் அதை உன்னிடம் அப்படியே சொன்னார். மற்றவளுக்கு இல்லாத கஷ்டம் உனக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்டாராம்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு நீ வந்தபோது நான் மருந்துகளைக் கணக்குப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தேன். நீ பையைக் கொக்கியில் மாட்டினாய். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டாய். பிறகு சொன்னாய்.

"கையெழுத்துப் போட பயமா இருந்தா விடு புள்ள. போடாமயே இருந்திருக்கலாம். கஷ்டமே இல்லன்னு சொல்லியிருக்க வேணாம்."

அதற்குமேல் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. காலையில் டீயும் குடித்தோம். ஆனால் அதன்பிறகு எட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே வரும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நீ ஓடும்போது அலமாரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏப்ரலில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டாய். ஜூலையில் திரும்ப வந்தது. விடுப்பு எடுத்தால் சம்பளம் இல்லை என்பதால் காய்ச்சலோடு வந்தாய். ஒருநாள் காலை நான் வரும்போது கம்பிக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. தரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாய். எழ முடியாமல் தவழ்ந்து வந்து கம்பி இடுக்கு வழியாகச் சாவியை நீட்டினாய். உன் விரல் பட்டபோது அந்தச் சூடு.

எதிர் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். தண்ணீர் ஒழுங்காகக் குடிப்பாங்களா என்று டாக்டர் கேட்டார். உன் கணவர், குடிப்பாளே, வீட்டில் எப்போதும் பாட்டிலும் கையுமாகத்தான் இருப்பாள் என்றார். அவர் பார்த்தது பகலில். நான் பக்கத்தில் நின்றேன். இரவைப் பற்றிச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நீ கண் விழித்தாய். ராத்திரிக்கு யாரு என்று கேட்டாய். நான்தான் என்றேன். "பூட்டுறதுக்கு முன்னாடியே மேல போயிட்டு வந்துரு" என்றாய். ஆறாம் நாள் போய்விட்டாய்.

சர்க்கரைதான் காரணம் என்றார் டாக்டர். இருக்கலாம். எத்தனையோ சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தவள் நான், அது என்ன செய்யும் என்று தெரியும். தண்ணீர் குடிக்காதது என்ன செய்யும் என்பதும் தெரியும். எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதுதான் என்னைத் தூங்க விடுவதில்லை.

உன் இடத்துக்குப் பிகாரிலிருந்து ஒரு பெண் வந்தாள். வந்த முதல் இரவே, "தீதி, பாத்ரூம் எங்கே?" என்று கேட்டாள். நான் உடனே மாலிக்குக்குப் போன் போட்டேன். தக்லீஃப் இருக்கிறது சர், இரண்டு பேருக்கும் இருக்கிறது, முன்னால் இருந்தவளுக்கும் இருந்தது என்றேன். ஆண்களை வைத்துக்கொள்வேன் என்று அதே பாட்டைப் பாடினார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் கணவருக்கு அப்போது வேறு வேலை கிடைத்திருந்தது, அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் ராத்திரி அவள் வேலைக்கு வந்த நேரத்தில் சௌகிதார் ஒரு சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். மாடிக் கழிவறையின் மாற்றுச் சாவி. கட்டடக்காரரிடம் மாலிக் ஒரு போன் பேசினாராம், அவ்வளவுதான். இரவில் இரண்டாவது ஆள் இன்னும் இல்லை. இரவுப் படியும் வரவில்லை. சாவி மட்டும் ஒரே நாளில் வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கடையில் அத்தனை பேர் நிற்க, நான் அழுதேன். புதிய பெண் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

உன் பெரியவள் பன்னிரண்டாவது முடிக்கப்போகிறாள். ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்வாள். போன வாரம், நானும் ஃபார்மஸி படிக்கட்டுமா என்று கேட்டாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு, "ஆன்ட்டி, மம்மிக்கு அங்க தக்லீஃப் இருந்துச்சா? சச் சொல்லுங்க, உண்மையை. அப்பா ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க" என்றாள்.

இருந்தது என்றேன். என்ன என்று கேட்டாள். போனில் வேண்டாம், நேரில் வா என்றேன். நாளைக்கு ஆர்.கே.புரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறாள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்வேன். அந்தத் தாளைப் பற்றிச் சொல்வேன். கஷ்டம் இல்லை என்று நான் மாலிக்கிடம் சொன்ன மூன்று வார்த்தையையும் சொல்லிவிட வேண்டும். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருமோ வராதோ. சாயங்காலத்திலிருந்து நான் எழுந்து எழுந்து நடப்பது அதை நினைத்துத்தான். உனக்கு இது எதுவும் புதிதில்லை. தெரிந்துகொண்டேதான் என்னோடு டீ குடித்தாய். அவளுக்குத் தெரியாது.