பட்டன் மேல வெச்ச பொட்டு

புதுச்சத்திரம்
ஞாயித்துக்கிழமை

அன்புள்ள கதிருக்கு அம்மா எழுதிக்கறது. அங்க குளிர் ஆரம்பிச்சிருக்கும், ஒடம்பு எப்படியிருக்குது சாமி? நாங்க சொகம்னு எழுதத்தான் உக்காந்தேன், எழுதக் கை வரமாட்டேங்குது. போன்ல சொல்லலாம்னா உங்கப்பா ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கறாரு. அதான் காயிதம். பக்கத்துத் தோட்டத்து அறிவுச்செல்வி அவ போன்ல போட்டோ புடிச்சு உனக்கு அனுப்பறேன்னிருக்கறா. பதறாமக் கடைசி வரைக்கும் படி.

பண்ணையில ஃபேன் நின்னு கோழி செத்ததுக்கு உன்ற பட்டன் காரணமில்ல, நான்தான் காரணம். கம்ப்யூட்டர்ல பிரவுசர் மேல மூலையில நீ புரோகிராம் எழுதி ஒரு பட்டன் வெச்சுக் குடுத்தயே, ஷெட்டுல ஃபேன் ஓடுனா பச்சை, நின்னா சிவப்புன்னு, அது நல்லாத்தான் வேலை செஞ்சுது. ஆயுத பூசைக்குத் தீவன மெசினு, டிராக்டரு, தராசு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சவ கம்ப்யூட்டர் ஸ்கிரீனுக்கும் வெச்சேன். நடுவுல வெச்சா எழுத்து மறைக்கும், எட்டாயிரம் கோழிக்கு மூச்சே அந்தப் பட்டன்தானேன்னு அதும்மேலயே சந்தனத்தைக் கொழைச்சு அப்பி, குங்குமத்தையும் பெருசா வெச்சுக் கும்புட்டேன், என்ற புத்தியைச் செருப்பால அடிக்கோணும். மறுநாள் மத்தியானம் கரண்டு போயி வந்ததுல ஃபேன் மோட்டாரு ட்ரிப் ஆகி நின்னுபோச்சு. பட்டன் சிவப்பாத்தான் மாறியிருக்கும், பொட்டுக்கடியில ஆரு கண்டா? தீவனம் போடப்போன சின்னுசாமி அலறிக்கிட்டு ஓடியாந்த பொறவுதான் தெரியும். நாலு பக்கமும் மூடுன ஷெட்டு, காத்தே இல்ல, முந்நூறுக்கு மேல வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடந்துச்சு. அந்தக் களேபரத்துல நான் பொட்டை முந்தானையில தொடைச்சுப்போட்டு வாயை மூடிக்கிட்டேன்.

உங்கப்பா போன்ல உன்னையக் கண்டபடி பேசுனப்பக்கூட நான் கல்லாட்டம் நின்னேன். அவரு கோவம் உனக்குத் தெரியாததா, பயந்துட்டேன். நீ என்னடான்னா பின்னால ஓடற புரோகிராம் தூங்கிப் போயிருக்கும், அதான் பட்டன் கலர் மாறலைன்னு சொல்லி ஒன்பது நாளா இல்லாத தப்பைத் தேடிக்கிட்டிருக்கற. வீடியோவுல உன்ற மூஞ்சியைப் பாக்க முடியல, கண்ணு உள்ள போயிக் கெடக்குது. ஒரு பட்டனையே ஒழுங்கா எழுதத் தெரியாதவனுக்கு இந்த வேலை எதுக்கு, ராஜினாமா குடுக்கறேன்னு நீ புதன்கிழமை சொன்னதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. பொட்டப்புள்ளையாட்டம் பயந்துக்கிட்டு நான் வாயைத் தொறக்காததுக்கு நீ பொழப்பை உட்டுப்போடாத கண்ணு. அங்க தனியா இருக்கறயே, என்னென்னமோ நெனப்பு ஓடுது எனக்கு.

இதுவரைக்கும் எழுதிப்போட்டு, நடக்கறது நடக்கட்டும்னு எந்திரிச்சுப் போயி உங்கப்பாகிட்டச் சொல்லிட்டேன். கத்துவாருன்னு பாத்தா கத்தல. அன்னைக்குக் கம்ப்யூட்டர் முன்னால முட்டை ரேட்டுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தது நான்தான், பொட்டுக்கு ஓரத்துல சிவப்பு தெரிஞ்சுது, குங்குமம் வழிஞ்சிருக்குதுன்னு உட்டுட்டேன் அப்படீன்னாரு. ஒன்பது நாளாத் தெரியுமாமா அந்த மனுசனுக்கு! மகங்கிட்டப் போயி எப்படி ஒத்துக்கறதுன்னு பயமாம். ரெண்டு பெரிய மனுசரும் பயந்துக்கிட்டு, பழியைத் தூக்கி உன்ற தலையில வெச்சுட்டோம் சாமி.

பட்டன் சிவப்பானா சத்தமும் வரட்டுமான்னு நீ கேட்டப்ப, அது வேற எதுக்குன்னது நாங்கதான். இப்ப வெச்சுக் குடு, ஊரே கேக்கட்டும். இனி கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சா பின்பக்கந்தான். நேரத்துக்குச் சாப்புடு, இன்னைக்காவது தூங்கு. நம்ம சாமி உன்னையக் கைவிடாது, நூறு வருசம் நல்லா இருப்ப. ராஜினாமாக் காயிதம் எழுதி வெச்சிருந்தயின்னா மொதல்ல அதைக் கிழிச்சுப்போடு, பொறவு போன் பண்ணு. உங்கப்பா பக்கத்துல நின்னு பேனாவைக் கேக்கறாரு.

இப்படிக்கு,
உன்னைய நெனச்சுக்கிட்டே இருக்கற அம்மா,
கு. வசந்தாமணி

கதிரு, தப்பு என்மேல. உன்ற பட்டன் சரியாத்தான் காட்டுச்சு.
குமாரசாமி