பேட்டரி கழற்றாத வாரம்

இன்று காலை சாவியைத் திருப்பியதும் இன்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி கிளம்பியதும் அணைய வேண்டியது அணையவே இல்லை. வண்டி மேல் வந்த கோபத்தைவிட உன் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்த விளக்கைத் திட்டுவதற்கு நீ இல்லையே.

இது வேறு வண்டிதான், ஆனாலும் நம் பழைய டீசல் வேன் ஞாபகத்துக்கு வந்தது. சாலவாக்கம் பக்கத்துப் பெண்களை ஒரகடம் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போக நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய வண்டி. நான் ஊர்க்காரி, நீ ஏரிக்கரைக் குடியிருப்பு. அது போதாதா நம்மைப் பற்றிப் பேச? மற்ற வேன்கள் உங்கள் தெருவுக்குள் வராது. பாதை சரியில்லை என்பார்கள். அதே பாதையில் நெல் மூட்டை லாரி போய் வந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் பெண்கள் விடியுமுன் இருட்டில் கரையோரமாகக் கூட்டு ரோடு வரை நடந்துபோய் வண்டிக்கு நிற்பார்கள். நீ ஸ்டியரிங் பிடித்த முதல் நாளே ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாய்: "அவளுங்க வூடு உள்ளதான கீது? வண்டியும் உள்ளதான் வரும்."

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அதிலும் இதே விளக்கு எரிந்தது. காஞ்சிபுரத்து மெக்கானிக் ஒரு சென்சாரை மாற்றி, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பிழையை அழித்துக் கொடுத்தார். ஆனால் தொழிற்சாலையில் வண்டிகளைச் சோதிப்பவர் கறாரான ஆள். "லைட் அணைஞ்சா போதாதும்மா. வண்டி தன்னத்தானே டெஸ்ட் பண்ணி முடிச்சிருக்கணும், எங்க செக்கிங் மெஷின்ல அது தெரியணும். மாசக் கடைசிக்குள்ள ஆவலன்னா உங்க ரூட்டுக்கு வேற வண்டி." அந்த வேறு வண்டி எங்கே நிற்கும் என்று நமக்குத் தெரியாதா?

மெக்கானிக் வழி சொன்னார். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஓட விட வேண்டும். பிறகு ஏற்றாமல் இறக்காமல் ஒரே வேகத்தில் போக வேண்டும். அப்புறம் பிரேக் தொடாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டி தானாக வேகம் குறைய விட வேண்டும். இதையே நாலைந்து நாள் தொடர்ந்து செய்தால்தான் எல்லாச் சோதனையும் முடியும். "இது இன்னா வண்டியா, வெரதமா?" என்று நீ கேட்டதற்கு அவரே சிரித்துவிட்டார்.

நம் ரோட்டில் ஒரே வேகத்தில் போவது நடக்கிற காரியமா? பாதி ரோட்டில் நெல் காய்கிறது, மீதியில் ஆடு படுத்திருக்கிறது. அதனால் தினமும் பெண்களை இறக்கிவிட்டு, வண்டி ஆறும்வரை அங்கேயே காத்திருந்து, பெங்களூர் நெடுஞ்சாலைக்குப் போனோம். ராஜகுளத்திலிருந்து தாமல் வரை ஓட்டம். நீ காலை எடுத்ததும் பின்னால் வந்த லாரிக்காரன் பக்கத்தில் வந்து கத்தினான். நீ அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்க வண்டி பரீட்ச எழுதிகினு கீது. ஓரமா போ நைனா."

எத்தனை ஓட்டியும் மெக்கானிக்கின் மெஷின் 'முடியவில்லை' என்றே காட்டியது. வண்டியின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டியிருக்கும் என்ற பேச்சு வந்தபோது நான் துவண்டுபோனேன். அப்போதுதான் மெக்கானிக் கேட்டார்: "ராத்திரில பேட்டரி கழட்றீங்களா?"

கழற்றாமல்? நம் பக்கத்தில் யார்தான் பேட்டரியை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தூங்கினார்கள்? டிராக்டரோ வேனோ, பொழுது சாய்ந்தால் பேட்டரி வீட்டுக்குள் வந்துவிடும். இல்லையென்றால் காலையில் வெறும் ஒயர்தான் தொங்கும். "கழட்னா அதுக்கு எல்லாம் மறந்து பூடும்மா. மறுநாள் மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது" என்றார் அவர். பகலெல்லாம் வண்டி எழுதிய பரீட்சையை ராத்திரி நாமே அழித்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே நீ ஒரு மாட்டுச் சங்கிலியைக் கொண்டுவந்து பானெட்டைச் சுற்றிப் பூட்டுப் போட்டாய். ஊரே சிரித்தது. "வண்டி பால் கறக்குதா?" என்று ஒருவன் கேட்டான். "உனுக்கு மட்டும் கறக்காது, போடா" என்றாய். அந்த வாரம் முழுக்கப் பேட்டரி வண்டியிலேயே இருந்தது. உங்கள் தெருக்காரர்கள் வண்டி நின்ற உன் வாசலில் ஆள் மாற்றி ஆள் படுத்துக் காவல் காத்தார்கள்.

வண்டி தேறியது. சோதனைக்காரர் மெஷினை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் விடியற்காலையில் உங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் நீ ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. தூங்கிக்கொண்டிருந்த ஊர்க்காரர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அத்தனை பேரை எதிர்த்து நின்றவள் ஒரு காய்ச்சலுக்கா அடங்கிப் போவாய்? அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நீ போன மாதமே தொழிற்சாலையிலிருந்து தன்மையாகச் சொன்னார்கள்: "இனிமே கூட்டு ரோட்லயே ஏத்திக்கலாமே, நேரம் மிச்சம்." யாருடைய நேரம் என்று கேட்டேன். என் வீட்டிலும் சொன்னார்கள், அவள்தான் போய்விட்டாளே, உனக்கென்ன வந்தது என்று. எனக்குத்தான் வந்தது. ஸ்டியரிங் இப்போது என் கையில் இருக்கிறது.

விளக்கை நாளை மத்தியானம் மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்கிறேன். விடியற்காலையில் வேலை இருக்கிறது. உங்கள் தெருவின் கடைசி வீடுவரை போய்த்தான் வண்டியைத் திருப்புவேன். மறிக்கிறவர்கள் வந்து மறிக்கட்டும்.