கறுப்பு ரப்பரின் மேல் நாற்பது நொடி

பீரோவை நகர்த்தியதும் புது டயர் வாசனை வந்தது. பின்னால் மூன்று சுருள்கள், நீ நைலான் கயிறு கட்டி நிறுத்தியபடியே இருந்தன: வெள்ளை ஃபோம், தக்கை, கறுப்பு ரப்பர். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் ஆசாரி வந்தார். "மூணுல எத்த சார் போடட்டும்?" என்று கேட்டுவிட்டு அளவு நாடாவை விரித்தார். அந்தக் கேள்விக்குப் பதிலை நான் எப்போதோ நோட்டில் எழுதி வைத்துவிட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

அப்பா விட்டுப்போன இந்த மாடிக்கு மரப்பலகைத் தரை. கீழே குடியிருக்கும் பேச்சியம்மாளின் புருஷனுக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட், பகலில்தான் தூக்கம். நாம் நடந்தால் அவர் தலைமேல் நடப்பது போலக் கேட்கும். அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சிவந்த கண்ணோடு அவர் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்து நீதான் சொன்னாய், "பாவம்ங்க அந்த அண்ணன். நம்ம காலுதான் அவரத் தூங்க வுடல." பலகைமேல் லேமினேட் தளம் போடுவது, நடுவே சத்தத்தை விழுங்கும் விரிப்பு ஒன்றைப் போடுவது என்று முடிவானது.

ஒரகடத்தில் என் வேலையே புதுக் கார்களுக்குள் எங்கே கிறீச்சிடுகிறது என்று தேடுவதுதான். கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்ப முடியுமா என்னால்? மூன்றிலும் நீளமாக ஒரு துண்டு வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கீழே அவர் கட்டிலில் தலை வைக்கிற இடத்தில் போனைப் பதிவில் வைத்துவிட்டு, மேலே உன்னை நடக்கவிட்டேன். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல். ஒவ்வொன்றுக்கும் நாற்பது நொடி. கொலுசைக் கழற்றச் சொன்னதற்கு முறைத்தாய்.

"கட்டுன பொண்டாட்டிய வெச்சு டெஸ்ட் எடுக்கிற ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தருதான்."

வெறும் பலகையில் உன் காலடி ஒவ்வொன்றும் விழுந்தது. ஜன்னலோரப் பலகை அழுதது. ஃபோமில் கொஞ்சம் குறைந்தது. தக்கையில் இன்னும் மங்கியது. ரப்பரில் ஒன்றுமே இல்லை. நோட்டில் ரப்பருக்கு நேரே 'மிக நன்று' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். நீ தக்கையைத்தான் கேட்டாய். "கொறஞ்சா போதும்ங்க. சுத்தமா போவணுமா இன்னா? வூட்ல ஆளு கீதுன்னு கொஞ்சமாச்சும் தெரியட்டும்." அளவீடு பொய் சொல்லாது என்றேன். அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆறே நாள்.

அந்தப் பதிவுகளை இப்போது தினமும் கேட்கிறேன். முதலாவதன் கடைசியில் பலகை வழியாக உன் குரல் வருகிறது: "இன்னா சார், இன்னும் எத்தினி தபா?" நான்காவதில், அந்த ரப்பரில், மின்விசிறி சுற்றுகிறது, தெருவில் ஒரு ஹாரன். வேறு எதுவும் இல்லை. அந்த நாற்பது நொடியும் நீ நடந்துகொண்டுதான் இருந்தாய்.

போன மாதம் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. கட்டிலைவிட்டு எழவும் இல்லை. மூன்றாம் நாள் காலை பேச்சியம்மாள் கதவைத் தட்டினாள், கையில் ஒரு கிண்ணம் கஞ்சியோடு.

"ரெண்டு நாளா மேல ஒரு சத்தத்தையும் காணோமே அண்ணே. அவுகதான் போய்ப் பாத்துட்டு வா பிள்ளன்னு அனுப்பினாக."

யாருடைய தூக்கத்துக்காக நாம் நடையை மறைக்கப் பார்த்தோமோ, அவர் தூங்காமல் என் காலடிக்காகக் காத்திருந்திருக்கிறார்.

ஆசாரியிடம் தக்கை என்றேன். "ரப்பர்தான் சார் சத்தமே வராது" என்றார். "தெரியும்ணே. தக்கையே போடுங்க. மீதிய கடையில வாங்கிக்கலாம்." பாலிதீன் ஷீட்டை எடுத்தபோது மட்டும் தடுத்தேன், அது சிமெண்டுத் தரைக்கு, மரத்தை மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி உளுத்துவிடும். ஆடுகிற பலகைகளுக்கு ஸ்குரூ அடித்தோம். ஜன்னலோரப் பலகைக்கும்தான். அதை ஆடவிட்டால் மேலே லேமினேட் இணைப்பு பிளந்துவிடும். கையை வைத்துக்கொண்டு நின்றேன், பிறகு நானே அடித்தேன். அந்த அழுகை இனிப் போனில் மட்டும்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பேச்சியம்மாளைக் கட்டிலருகே நிற்கச் சொல்லிவிட்டு மேலே நடந்தேன்.

"கேக்குதா?"

"லேசாக் கேக்குது அண்ணே. தூக்கத்துக்கு இது ஒண்ணும் பண்ணாது."

ஜன்னலிலிருந்து கதவுக்கு எனக்கு ஆறு அடி. உனக்கு எட்டு. இனி வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, எட்டடி வைத்து நடப்பேன்.