சொல்தாவுக்கு ஐம்பத்திரண்டு பறவைகள்

பையின் ஜிப்பைத் திறந்ததும் உன் தைல வாசனை வந்தது. நேற்று நாள் முழுவதும் என் கைப்பையில் கிடந்தும் போகவில்லை. தலைவலி வருவதற்கு முன்பே நெற்றியில் தேய்த்துக்கொண்டு, அதே விரலால் கேம் மெஷினின் பட்டனை அழுத்துவாய் நீ. வலப்பக்கப் பட்டன் இன்னும் லேசாக வழுக்குகிறது. நான் துடைக்கவில்லை.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று உப்பளம் பகுதியில் நடந்த கேம் போட்டியில் ஜெயித்தேன். எப்படி ஜெயித்தேன் என்பது ஒரு பாதி எனக்குத் தெரியும். மறு பாதி உனக்குத்தான் தெரியும்.

கல்லூரி முதல் வருஷத்தில், நூலகப் படிக்கட்டுக்குக் கீழே சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நீ ஆடியதைத்தான் முதலில் பார்த்தேன். பாரீஸில் இருக்கும் உன் மாமா அனுப்பிய கேம் மெஷின். விதவிதமான ஜந்துக்களைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் ஆட்டம். திரையில் எல்லாமே பிரெஞ்சு. உனக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு, எனக்கு அதுவும் கிடையாது. நான் கற்றுக்கொண்ட முதல் பிரெஞ்சுச் சொல் வித்தேஸ், அதாவது வேகம். இரண்டாவது திமீத். ஒவ்வொரு ஜந்துவுக்கும் ஒரு சுபாவம் உண்டு. கூச்ச சுபாவம் உள்ளது திமீத். அதற்கு அடிக்கும் பலம் குறையும், வேகம் கூடும்.

"அடிக்க வராது. ஆனா ஓட ஆரம்பிச்சா எவனும் புடிக்க முடியாது. அப்பிடியே நீதான்டீ," என்றாய். மூன்று வருஷமும் என்னைத் திமீத் என்றுதான் கூப்பிட்டாய்.

திரை காட்டுவது மொத்தத்தை மட்டும்தான் என்று நீ சொன்ன நாள் நினைவிருக்கிறது. ஒரு ஜந்துவின் வேகம் எழுபது என்றால், அதற்குள் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, அது பிறக்கும்போதே கொண்டுவந்தது. இன்னொன்று, யாரோடு மோதிப் பழகியதோ அவர்களிடமிருந்து சேர்த்துக்கொண்டது. வேகமான குட்டிப் பறவை ஒன்றைத் தோற்கடித்தால் வேகக் கணக்கில் ஒரு புள்ளி சேரும். திரையில் எங்கும் அது தெரியாது; முதல் நாலு புள்ளிக்கு ஒன்று, பிறகு எட்டெட்டுப் புள்ளிக்கு ஒவ்வொன்று என்றுதான் திரையின் மொத்தம் கூடும். அன்று இரவே நோட்டில் கணக்குப் போட்டு, மொத்தத்திலிருந்து பின்னோக்கிப் போய், உன் ஜந்துக்களின் ஒளிந்திருந்த எண்களையெல்லாம் எடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்கமாட்டேன். அந்த நோட்டை நீ புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தன நாளா எங்கடீ இருந்த?" என்று கேட்டதை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை.

அதிலிருந்து கணக்கு என்னுடையது, ஆட்டம் உன்னுடையது. நான் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுப்பேன், நீ அழுத்துவாய். ஜந்துக்களில் நமக்கு மிகவும் பிடித்தது ஒரு நண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த உன் தாத்தாவை ஊரே சொல்தா, அதாவது சிப்பாய், என்று கூப்பிடும் என்பதால் நண்டுக்கும் அந்தப் பெயரை வைத்தாய். கேலி செய்தவர்களிடம், "பென்ஷன் வாங்குறவருடா, மெதுவாத்தான் வருவாரு," என்பாய்.

மெதுவாக வந்ததால்தான் போன வருஷம் தோற்றோம். அந்தப் போட்டியில் எல்லாரிடமும் ஓர் ஓணான் இருந்தது. அதன் வேகம் எழுபத்தைந்து, சொல்தாவுக்கு எழுபது. வேகம் ஒன்றே ஒன்று கூடுதலாக இருந்தாலும் முதல் அடி அதற்குத்தான். போட்டிக்கு முந்தின வாரமே நான் சொன்னேன். தற்காப்புக்குப் போட்ட பழக்கத்தில் நாற்பத்து நாலு புள்ளியை எடுத்து வேகத்தில் போட்டால் எழுபத்தாறு ஆகும், ஓணானை முந்திவிடலாம் என்று. "சொல்தா ஓடுறதுக்காடி பொறந்தாரு? தாங்குறதுக்குப் பொறந்தாரு," என்று சொல்லிவிட்டாய். நானும் விட்டுவிட்டேன்.

தோற்றுவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ சொன்னது சரின்னு உனக்குத் தெரியும் இல்ல? அப்ப ஏன் சத்தமா சொல்லல? என்கிட்டயுமா கூச்சம்?" என்றாய். பஸ் வந்தது. வழக்கமாக நீதான், "எல்லாரும் கூட்டம் இல்லன்னு பின்வாசலுக்கு ஓடுவாங்க பாரு, நாம முன்னாடியே ஏறலாம்," என்று என்னை இழுப்பாய். சொன்னபடியே முன்வாசல் காலியாக இருக்கும். அன்று நீ இழுக்கவில்லை. நான் உழவர்கரை பஸ்ஸில் தனியாக ஏறினேன். மறுநாள் விடுமுறை தொடங்கியது. மூன்றாவது வாரம் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். ஐந்தாவது நாள் நீ இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உன் அம்மா இந்தப் பையை என் கையில் வைத்தார்கள். "ரெண்டு பேரும் சேந்துதான ஆடுவீங்க. எனக்கு இத ஆன் பண்ணக்கூடத் தெரியலம்மா." வெகுநாள் நான் திறக்கவில்லை. திறந்தபோது சொல்தாவின் எண்கள் மாறியிருந்தன. தற்காப்பு ஏழு குறைந்திருந்தது. வேகம் எழுபத்தேழு.

நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் போட்டேன். தற்காப்பிலிருந்து ஐம்பத்திரண்டு புள்ளியை எடுத்து வேகத்தில் சேர்த்திருக்கிறாய். அப்படியென்றால் ஐம்பத்திரண்டு குட்டிப் பறவைகள். ஒவ்வொன்றாகத் தேடி, மோதி, தோற்கடித்து. சண்டை போட்டுப் பிரிந்த அந்த மூன்று வாரத்தில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நான் சொன்னதைச் செய்திருக்கிறாய். நோட்டின் மேலேயே அழுதேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "இன்னாடி, கணக்கு வரலியா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன்.

ஆனால் நான் சொன்னது நாற்பத்து நாலு. நீ எட்டு கூடப் போட்டிருந்தாய். எழுபத்தாறு போதும் என்ற இடத்தில் எழுபத்தேழு. நீ எண்ணும்போது தவறவிட்டிருப்பாய் என்றுதான் நினைத்தேன். கூட்டலில் நீ எப்போதும் அப்படித்தான். அந்த எட்டை மறுபடி தற்காப்புக்கு மாற்றிவிட நேற்றுக் காலைகூட யோசித்தேன். நீ கடைசியாகச் செய்தது என்பதால் விட்டுவிட்டேன்.

"பொம்ம விளையாட்டுக்கா பஸ் ஏறிப் போற?" என்று அம்மா கேட்டபோது ஆமாம் என்று மட்டும் சொன்னேன். மாடிக் கூடத்தில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். முதல் ஆட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் நோட்டைப் பார்த்தேன். நான்காவது ஆட்டத்தில் நோட்டைத் திறக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் எதிரே இருந்தவன் நவீன், லாஸ்பேட்டைக்காரன், போன வருஷம் நம்மைத் தோற்கடித்த அதே ஆள்.

கடைசியில் என்னிடம் சொல்தா, அவனிடம் ஓணான். இரண்டும் ஓர் அடிக்குத் தாங்காத நிலை. யார் முந்துகிறாரோ அவர் ஜெயிப்பார். அவன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தான்.

"பென்ஷன்காரரா? பாவம், வீட்டுக்கு அனுப்பிச்சிடலாம்."

இருவரும் அழுத்தினோம். சொல்தா முதலில் நகர்ந்தார்.

கூடமே கத்தியது. நவீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எப்பிடி? எல்லார் ஓணானும் எழுபத்தஞ்சுன்னு நான் ஒண்ணு ஏத்தி எழுபத்தாறா வச்சிருந்தேனே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ எண்ணும்போது தவறவிடவில்லை. நான் ஓணானைக் கணக்குப் போட்டேன். நீ ஓணானை வைத்திருப்பவர்களைக் கணக்குப் போட்டிருக்கிறாய். எல்லாரும் பின்வாசலுக்கு ஓடுவார்கள் என்று தெரிந்தவள் நீ. என் கணக்கோடு நான் போயிருந்தால் இருவருக்கும் எழுபத்தாறு. யார் முதலில் என்பதை அதிர்ஷ்டம் முடிவு செய்திருக்கும்.

"நாங்க ரெண்டு ஏத்தியிருந்தோம்," என்றேன்.

"நாங்கன்னா? கூட யாரு?"

உன் பெயரைச் சொன்னேன். பின் வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. மேசையில் இருந்தவரிடம் சான்றிதழில் இரண்டு பெயர் எழுதச் சொன்னேன். ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது என்றார். பக்கத்தில் நெருக்கி எழுதுங்கள் என்றேன். எழுதும்வரை நகரவில்லை. உன் பெயர் முதலில் இருக்கிறது.

இன்று காலை அலுவலகத்தில் ஒரு பட்டியலில் தவறு இருப்பதைப் பார்த்தேன். எப்போதும்போல் மெல்லத் தொடங்கினேன். எனக்குப் போதும் என்று பட்ட சத்தத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் திரும்பவில்லை. அதற்கு மேல் எட்டுப் புள்ளி கூட்டிச் சொன்னேன். எல்லாரும் திரும்பினார்கள்.