கொடுவா பிடிக்கப் போகிறவருக்கு

போன மாதம் முகத்துவாரத்தில் யாகூபின் கயாக் படகு கவிழ்ந்தது. வீராம்பட்டினத்துக்காரர்கள்தான் தூக்கிக் கரைசேர்த்தார்கள். இனிமேல் மீன் பிடிக்கப் போகக் கூடாதென்று அவன் மனைவி நபீசா துடுப்பை ஒளித்து வைத்தாள். அவன் புதிதாக ஒன்று வாங்கிவந்தான். நான்கு நாளாக அவளிடம் பேசவும் இல்லை.

இன்று அவன் லீவு போட்டிருந்தான். எப்படியும் போகத்தான் போகிறான். அவன் தூங்கிக்கொண்டிருக்க, ஆபீசுக்குக் கிளம்பிய நபீசா காலண்டர் தாளொன்றைக் கிழித்து, ‘போகாதீங்க’ என்று எழுதினாள். எழுதினால் மட்டும் கேட்டுவிடுவானா என்று தோன்றியது. அதை அடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

‘லைஃப் ஜாக்கெட்டுல அந்துபோன வாரைத் தெச்சு வெச்சிருக்கேன். வெயில் அடிச்சாலும் கழட்டாதீங்க. கொடுவா மாட்டுனா எழுந்து நிக்காதீங்க, உக்காந்தே இழுங்க. செவுளுகிட்ட கைய விடாதீங்க, பிளேடாட்டம் அறுத்துடும். போனை பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கழுத்துல மாட்டிக்குங்க. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு.’

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டியவள் மறுபடி உள்ளே வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

‘கரைக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க. பேச வேணாம்.’