சர்ச் ஸ்பீக்கரோடு கிட்டார் வாங்கப் போனது

12 ஜூலை 2003, சனி

"அரே, இது கிட்டார் கடை மா, ரிப்பேர் கடை இல்ல" என்று அல்சூர் கடைக்காரர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. பின்னே, ஆட்டோவிலிருந்து சர்ச் ஸ்பீக்கர் பெட்டியை இறக்கினால் வேறென்ன சொல்வார்? பெட்டியைத் தூக்கி வந்த என் வீட்டுக்காரர் வெட்கத்தில் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு வேறு வழியில்லை. என் பழைய கிட்டாருக்கு முன்னால் மைக் வைத்தாலே அந்தப் பெட்டி கீச்சென்று கத்தும். "பண்டிகைக்கும் கத்துச்சுன்னா நமக்கு கீபோர்டே போதும், ரூத்" என்று பாடகர் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். அதனால்தான் ஸ்பீக்கரில் நேராகச் சொருகுகிற கிட்டார் தேடிப் போனேன், எங்கள் பெட்டியிலேயே போட்டுப் பார்க்க அதையும் எடுத்துக்கொண்டு.

கடை ஸ்பீக்கரில் எல்லாக் கிட்டாரும் இனிமையாகத்தான் ஒலித்தன. தொப்பை பெருத்த கிட்டார் ஒன்று மனசைப் பிடித்துக்கொண்டது. போனஸ் முழுவதையும் கொடுக்கத் தயாராகிவிட்டேன். எங்கள் பெட்டியில் சொருகியதும் அதுவும் கீச்! பக்கத்திலிருந்த ஒல்லிக் கிட்டார் பாதி விலைதான். சும்மா மீட்டினால் சத்தமே எழும்பவில்லை. எங்கள் பெட்டியில் சொருகினாலோ, எவ்வளவு கூட்டி வைத்தும் சமர்த்தாகப் பாடியது. கடைக்காரரே குனிந்து காது கொடுத்தார்.

"இனிமே எல்லாரையும் பெட்டியோட வரச் சொல்றேன் மா."

ஒல்லி இப்போது கட்டிலோரம் சாய்ந்திருக்கிறது. தொப்பையை நினைத்தால் கொஞ்சம் ஏக்கம்தான்.

விளக்கை அணைக்கச் சொன்ன வீட்டுக்காரர் கேட்டார்: "அடுத்த வாரம் மிக்சி வாங்கப் போறோமே, தேங்காய் எடுத்துட்டுப் போலாமா?"

கிண்டல்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் தேங்காய் மட்டும் போதாது. ஊறவைத்த உளுந்தும் ஒரு டப்பாவில் கொண்டுபோக வேண்டும்.